சாமிக்குக் காது கேட்குது

அந்த மாதா கோயிலில், பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு இரண்டு பெட்டிகள். வலப்பக்கத்துப் பெட்டியில் சின்னச் சாமி உட்காருவார், இடப்பக்கத்துப் பெட்டியில் பெரிய சாமி. சின்னச் சாமி நிறையப் படித்தவர், பொறுமைசாலி. நாம் சொல்லும் ஒவ்வொரு பாவத்தையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எதனால வந்ததுன்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்பார். அதனால் அவர் பெட்டிப் பக்கம் ஈ காக்கை எட்டிப் பார்க்காது. பெரிய சாமியின் பெட்டி முன்னாலோ சனிக்கிழமை சாயங்காலமானால் வரிசை வாசற்படி வரைக்கும் நீளும். அவ்வளவு பக்தியா என்றால், இல்லை. பெரிய சாமிக்குக் காது கேட்காது.

"கொலையே பண்ணிட்டு வந்தாலும் மூணு அருள் நிறைந்த மரியேதான்" என்பார் தையற்கடைக்காரர், ஏதோ நல்ல டாக்டரைச் சிபாரிசு பண்ணுகிற மாதிரி.

உண்மைதான். எண்பத்திரண்டு வயதுப் பெரிய சாமி, வலைத்தடுப்புக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முணுமுணுப்பு நின்ற மாதிரி தோன்றியதும் தலையை ஆட்டி, மூன்று அருள் நிறைந்த மரியே செபம் சொல்லும்படி அபராதம் கொடுத்து, கை தூக்கி ஆசீர்வதித்து அனுப்பிவிடுவார். பாவத்தைச் சொன்னதாகவும் ஆயிற்று, ஒருத்தர் காதிலும் விழாமலும் போயிற்று. மனுஷருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

காது கடையம்மாவுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

காது மெஷின் விற்கும் கடை நடத்துகிறவள் என்பதால் தெரு முழுவதும் அவளுக்கு அதுதான் பேர். அறுபது வயது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஒரு வாரம் தவறியதில்லை. ஆனால் பாவசங்கீர்த்தனம் பண்ணி இருபத்தாறு வருஷம் ஆகிறது. அதைப் பண்ணாமல், பூசையில் சாமி தரும் அப்பமான நன்மையை வாங்கக் கூடாது. எல்லாரும் எழுந்து நன்மை வாங்கப் பீடத்துக்குப் போகும்போது இவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் நாலு பேர் கேட்பார்களே. அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்பது சட்டம். கோயிலுக்குக் கிளம்பி, செருப்பில் காலை விட்டபிறகு, ஒரு டம்ளர் டீயை வாங்கிக் குடித்துவிடுவாள்.

"என்ன அண்ணி, ஞாயித்துக்கெழமை செருப்பு போட்டப்புறம்தான் உங்களுக்கு டீ ஞாபகம் வருது?"

"தொண்டை காயுது பாப்பா."

"திங்கக்கெழமை காயாதா?"

பாப்பா என்றால் கைக்குழந்தை என்று நினைக்க வேண்டாம். ஐம்பத்துநாலு வயது. காது கடையம்மாவின் நாத்தனார். கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் செத்து எட்டு வருஷமான பிறகும் அண்ணியோடுதான் இருக்கிறாள். அடுப்படி அவள் ராஜ்யம். இந்த வீட்டுப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள் அவள். சிரிப்பு வந்தால் சட்டென்று கையால் வாயை மூடிக்கொள்வாள், முன்பல் இரண்டும் கொஞ்சம் எடுப்பு. வீட்டில் நாலு ஆல்பம் இருக்கிறது, ஒன்றில்கூட அவள் முகம் கிடையாது. "கேமராவை என்கிட்டக் குடுங்க, நீங்கல்லாம் நில்லுங்க" என்று வாங்கிக்கொள்வாள். மகன் முதல்முதலாக நன்மை வாங்கியபோது எடுத்த புதுநன்மைப் படத்தின் மூலையில் மங்கலாக ஒரு விரல் தெரியும். அது பாப்பா.

அந்த மகனுக்குத்தான் இப்போது கல்யாணம்.

"அம்மா, சின்னச் சாமி கண்டிப்பா சொல்லிட்டாரு. ரெண்டு வீட்டுப் பெத்தவங்களும் முன்வரிசையில நிக்கணுமாம். சேர்ந்து நன்மை வாங்கணுமாம். அதுக்கு முன்னால எல்லாரும் பாவசங்கீர்த்தனம் பண்ணிடணும்."

"நானுமா?"

"நீ என் அம்மா இல்லையா? பக்கத்து வீட்டம்மாவா?"

பாப்பா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அன்னைக்கு டீ செல்லாது அண்ணி. வீடியோ எடுப்பாங்க."

காது கடையம்மா காலண்டரை எடுத்துக் கல்யாணத்துக்கு எத்தனை நாள் என்று எண்ணினாள்.

அப்படி என்ன பாவம்? எண்ணிப் பார்த்தால் அரை நிமிஷப் பேச்சு. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கடை அவளுடையது அல்ல, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மகனுக்கு மூன்று வயது. பாப்பா பார்த்துக்கொண்டதால் இவளால் வேலைக்கு வர முடிந்தது. அப்போதுதான் பாப்பாவுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. கிட்டத்தட்ட முடிந்த மாதிரி. ஒருநாள் மாப்பிள்ளையின் அக்கா, பாட்டரி வாங்குகிற சாக்கில் கடைக்கு வந்தாள்.

"உங்க நாத்தனாரைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா? ஒளிக்காம சொல்லுங்க. ஏதாவது குறை உண்டா?"

"தங்கமான பொண்ணு" என்றாள் இவள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அன்று காலையில்தான் முதலாளி சம்பளம் கூட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். நாளைக்குப் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. "காதுதான் கொஞ்சம் மந்தம். இங்கேருந்துதான் மெஷின் கொண்டுபோய்ப் போடறேன். கல்யாணத்துக்கப்புறம் நீங்க பாத்துக்குவீங்க, அதனால சொல்றேன்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் அந்தப் பெண்மணி நம்பியிருக்க மாட்டாள். காது மெஷின் கடையில் வேலை பார்க்கிறவளே சொல்லும்போது? நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நாலாம் நாள், ஒத்து வராது என்று ஒற்றை வரியில் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். காரணம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்த இடங்களைப் பாப்பாவே வேண்டாம் என்றுவிட்டாள்.

இதைச் சொன்னால் எந்தச் சாமியும் விடமாட்டார், "போய் அவகிட்டச் சொல்லு" என்பார். அது முடியாத காரியம். அதனால் இருபத்தாறு வருஷம் டீ குடித்தாள். இப்போது பெரிய சாமி இருக்கிறாரே! வரிசையில் நின்று, முணுமுணுத்து, மூன்று அருள் நிறைந்த மரியேயோடு கணக்கை முடித்துவிடலாம். கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமையைக் குறித்து வைத்துக்கொண்டாள்.

அந்தச் சனிக்கு ஐந்து நாள் முன்னால், கடையில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சின்னச் சாமி உள்ளே வந்தார். பின்னால் அவர் கையைப் பிடித்தபடி பெரிய சாமி.

"அம்மா, நம்ம கோயில் பங்கு மக்கள் எல்லாம் சேர்ந்து பெரியவருக்கு ஒரு மெஷின் எடுத்துக் குடுக்கறாங்க. நல்லதாப் பாத்து மாட்டி விடுங்க."

காது கடையம்மாவுக்கு ஒரு கணம் காது அடைத்தது. "இப்ப எதுக்கு சாமி? பாவம், வயசானவர். தொந்தரவா இருக்குமே."

"மக்களோட ஆசைம்மா" என்றார் சின்னச் சாமி. மக்களில் ஒருவரைக்கூட அவர் கேட்டிருக்க மாட்டார் என்று இவளுக்குத் தெரியும்.

கடையின் பின்பக்கத்தில் பஞ்சு வைத்த சுவரோடு ஒரு சின்ன அறை. உள்ளே ஒருவர் உட்காரலாம். இவள் வெளியே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சத்தம் அனுப்புவாள். கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும்.

"கேட்டா மட்டும் அமுக்குங்க சாமி" என்று காதருகே கத்திச் சொல்லிவிட்டு வந்தாள். பெரிய சாமி அமுக்கினார். இவள் இன்னும் எதையும் போடவே இல்லை. மறுபடியும் அமுக்கினார். கதவைத் திறந்தாள்.

"சாமி, கேட்காமலே அமுக்கறீங்க!"

பெரிய சாமி அசடு வழியச் சிரித்தார். "எதிர்ல ஆள் இருந்தா தலையாட்டிடறதும்மா. ரொம்ப நாள் பழக்கம்."

மறுநாள் மெஷின் தயாரானது. காதுக்குப் பின்னால் மாட்டுவது. அடிப்பக்கம் ஒரு குட்டி மூடி, அதற்குள் ஒரு திருகு. அதைத் திருப்ப அரிசி மணி அளவு முனை உள்ள திருப்புளி வேண்டும். அவள் சாவிக்கொத்தில் அது எப்போதும் தொங்கும். புதிதாக மாட்டுகிறவர்களுக்குச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்து, இரண்டு வாரம் கழித்துக் கூட்டுவதுதான் வழக்கம். அன்று அவள் கொஞ்சம் குறைத்தாள். பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு திருகு நின்றுபோகும் வரைக்கும்.

"எப்படி இருக்கு சாமி?" என்று காதருகே கத்தினாள்.

"மெஷின்னா மெஷின்தான்! ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார் பெரிய சாமி, தலையாட்டியபடி.

இது பாவத்தில் சேருமா என்று இரவு படுக்கையில் யோசித்தாள். சேரும் என்றே பட்டது. சரி, போகட்டும். அதையும் சேர்த்துச் சனிக்கிழமை சொல்லிவிட்டால் ஆயிற்று, அவருக்குத்தான் கேட்கப்போவதில்லையே.

சனிக்கிழமை சாயங்காலம் பாப்பாவும் கூடவே கிளம்பினாள். வரிசையில் இவளுக்கு நேர் பின்னால் நின்றாள். முன்னால் பள்ளிக்கூட டீச்சர். அதற்கும் முன்னால் இருந்த தையற்கடைக்காரர் அப்போதுதான் உள்ளே போய் மண்டி போட்டிருந்தார். முணுமுணுப்பு கேட்டது. பிறகு, இதுவரை யாரும் கேட்டிராத ஒன்று கேட்டது. பெரிய சாமியின் குரல்.

"என்ன? சத்தமாச் சொல்லு!"

முணுமுணுப்பு.

"இன்னும் சத்தமா! நீங்கல்லாம் சேர்ந்து மெஷின் வாங்கிக் குடுத்திருக்கீங்க. இனிமே கேட்காம மன்னிப்புக் குடுத்தா அது என் பாவம்!"

கோயில் முழுக்கச் சத்தம் அடங்கியது.

"துணி மிச்சம் பிடிச்சேன் சாமி!" என்று தையற்கடைக்காரர் கத்தினார்.

"எவ்வளவு?"

"ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் ஒரு சாண்!"

டீச்சர் திரும்பி இவளைப் பார்த்தாள். "கை ஏன் பிடிக்குதுன்னு இப்பத்தான் தெரியுது. சாப்பாட்டைக் குறைங்க டீச்சர்ங்கறான் என்கிட்ட!"

அடுத்து டீச்சருடைய முறை. உள்ளே போய் ஒரு நிமிஷத்தில், பரீட்சைத் தாள்களைத் திருத்தாமலே மார்க் போட்டதைக் கோயிலுக்கே அறிவித்துவிட்டு, சிவந்த முகத்தோடு வெளியே வந்தாள். வரிசையில் இருந்தவர்கள் நெளிந்தார்கள். ஆனால் ஒருவர்கூட நகரவில்லை. நகர்ந்தால், அப்படி என்ன பாவம் பண்ணியிருக்கிறான் என்று மற்றவர்கள் நினைப்பார்களே. வலப்பக்கப் பெட்டியில் சின்னச் சாமி தனியாக உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்.

காது கேட்காத சாமி ஒன்றும் கேட்கமாட்டார் என்றல்லவா காது கடையம்மா கணக்குப் போட்டிருந்தாள்? காதும் கேட்காமல், கேட்டே தீர்வேன் என்று அடம் பிடிக்கும் ஒரு சாமியைத் தன் கையாலேயே செய்து வைத்திருக்கிறாள்.

"நீ முதல்ல போ பாப்பா."

"நீங்க போங்க அண்ணி. இருபத்தாறு வருஷத்துது, உங்களுக்குத்தான் நேரமாகும்."

"நீ எண்ணிட்டா இருந்தே?"

"டம்ளர் கழுவறது யாரு?"

வேறு வழியில்லை. போய் மண்டி போட்டாள். மரத்தில் பழைய மெழுகு வாசனை. வலைக்கு அந்தப் பக்கம் வெள்ளைத் தலை.

"ஆசீர்வதியுங்க சாமி, நான் பாவி. பாவசங்கீர்த்தனம் பண்ணி இருபத்தாறு வருஷமாச்சு."

"என்ன?"

"இருபத்தாறு வருஷம்!"

வெளியே யாரோ 'த்சு' கொட்டியது தெளிவாகக் கேட்டது.

"வந்தியே, அது போதும். சொல்லு."

"ஒரு பொய் சொன்னேன் சாமி."

"என்ன?"

"பொய்!"

"என்ன பொய்? யாரைப் பத்தி?"

அவள் வாயைத் திறந்தாள். மூன்றடி தூரத்தில், திரைக்கு வெளியே, பாப்பாவின் செருப்புகள் தெரிந்தன. இடது செருப்பின் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

பெரிய சாமி பெருமூச்சு விட்டார். "இந்த மெஷின்ல ஏதோ கோளாறு போலிருக்கு. அம்மா, ஒரு உதவி பண்ணு. வெளிய வரிசைல காது கடையம்மா நிக்கறாங்களான்னு பாரு. நின்னா கொஞ்சம் கூப்பிடு."

"நான்தான் சாமி."

"ஆங்?"

"நான்தான் காது கடையம்மா!"

இதற்கு மேல் ஒளிக்க ஒன்றும் இல்லை. திரையைச் சுற்றிக்கொண்டு நடுங்கும் கை ஒன்று வந்தது. உள்ளங்கையில் மெஷின், இன்னும் சூடாக இருந்தது. "பாத்துக் குடு தாயே. இவங்க எல்லாரும் கத்தறாங்க, எனக்கே பாவமா இருக்கு."

சாவிக்கொத்தை எடுத்தாள். மூடியை நகத்தால் நெம்பினாள். அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏதோ ஒரு சில்லறைப் பாவத்தைக் கத்திவிட்டுப் போகலாம். அதுவும் தோன்றியது. ஆனால் இருபத்தாறு வருஷமாக எந்தக் காதுக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்த்துத் திருப்பிப் பழகிய விரல்கள் இவள் பேச்சைக் கேட்கவில்லை. திருகு சரியாக எங்கே நிற்க வேண்டுமோ அங்கே போய் நின்றது. கொடுத்தாள். வலையோரம் வாயை வைத்து, மூச்சுப் போல் கேட்டாள்.

"இப்ப கேட்குதா சாமி?"

"அம்மாடி!" என்றார் பெரிய சாமி. குரல் தானாகவே தணிந்துவிட்டது. "வெளிய யாரோ செருப்பைத் தேய்க்கறாங்களே, அதுகூடக் கேட்குது. சொல்லும்மா, இப்ப மெதுவாவே சொல்லு."

சொன்னாள். பாட்டரி வாங்க வந்த அக்கா, மூன்று வயது மகன், கூட்டித் தருவதாகச் சொன்ன சம்பளம், அந்த அரை நிமிஷப் பேச்சு. இருபத்தாறு வருஷம் சுமந்தது, சொல்லி முடிக்க ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு இது தெரியுமா?"

"தெரியாது சாமி. முப்பது அருள் நிறைந்த மரியே சொல்றேன் சாமி. ஐம்பத்து மூணு மணி செபமாலை வேணும்னாலும் தினம்..."

"பேரம் பேசாதே. நீ கெடுத்தது அவளோட பேரை. அதை மாதாவா வந்து சரிபண்ணுவாங்க? கல்யாணத்துக்கு முன்னால அவகிட்டச் சொல்லிடு. அதுதான் அபராதம்."

"கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போயிட்டான்னா?"

"போகட்டுமே. அன்னைக்கே போயிருக்க வேண்டியவதானே?"

அவள் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வேற ஏதாவது உண்டா?"

"உங்க மெஷினை நான்தான் சாமி குறைச்சு வெச்சேன். உங்களுக்குக் கேட்கக் கூடாதுன்னு."

வலைக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. பெரிய சாமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். "அதுக்குத் தனி அபராதம். வெளிய போய் வரிசைல நிக்கறவங்க எல்லார்கிட்டயும் சொல்லு, சாமிக்கு இப்ப காது நல்லாக் கேட்குதுன்னு."

மன்னிப்பு மந்திரம் முடிந்து வெளியே வந்தாள். வரிசை முழுவதும் அவள் வாயைப் பார்த்தது.

"மெஷின் சரியாயிடுச்சு. சாமிக்கு இப்ப நல்லாக் கேட்குது. குண்டூசி விழுந்தாலும் கேட்கும்."

அடுத்த நிமிஷம் அங்கே நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். ஒருவருக்கு வீட்டில் அடுப்பை அணைக்காத ஞாபகம் வந்தது. ஒருவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாயிற்று. மற்றவர்கள் ஏதோ வேண்டுதல் போல, மெதுவாக, ஒருவர்பின் ஒருவராக வலப்பக்கத்துப் பெட்டிக்கு நகர்ந்தார்கள். எதையும் ஆராய்கிற சாமியாக இருந்தாலும் புதியவர், குரலை வைத்து ஆளை அடையாளம் கண்டுபிடிக்க மாட்டார். சின்னச் சாமி புத்தகத்தை மூடிவிட்டு, நம்ப முடியாமல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுநாள் பிரசங்கத்தில், ஒரே சாயங்காலத்தில் இத்தனை மனந்திரும்புதலா என்று அவர் குரல் தழுதழுத்தது.

பாப்பா மட்டும் நகரவில்லை. "எனக்கென்ன, நான் எப்பவும் சத்தமாத்தான் சொல்லுவேன்" என்று உள்ளே போனாள். இரண்டே நிமிஷம்.

"என்ன குடுத்தாரு?" என்று கேட்டாள் அண்ணி.

"மூணு அருள் நிறைந்த மரியே. உங்களுக்கு?"

"கடை வரைக்கும் வா பாப்பா. சொல்றேன்."

கடையைத் திறந்து ஒற்றை விளக்கைப் போட்டாள். பாப்பா வாடிக்கைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசைமேல், மெஷின் மாட்டினால் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக ஒரு கண்ணாடி இருக்கும். பாப்பா அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். எங்கே உட்கார்ந்தாலும் செய்வாள், காது கடையம்மா அதை இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"உனக்கு ஒரு இடம் வந்து கலைஞ்சு போச்சே பாப்பா. அந்த மாப்பிள்ளையோட அக்கா இங்கதான் வந்தா. இந்த மேசைகிட்டதான் நின்னா. உனக்குக் காது மந்தம்னு நான் சொன்னேன். நீ போயிட்டா பிள்ளையை யார் பாக்கறதுன்னு... அதுக்காகச் சொன்னேன்."

தெருவில் ஒரு வண்டி பின்னால் எடுக்கும் சத்தம் வந்து ஓய்ந்தது.

"காதா?" என்றாள் கடைசியில்.

"காதுன்னுதான் சொன்னேன்."

"பல்லைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"பல்லா? பல்லுக்கென்ன?"

பாப்பா கையை நீட்டிக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள். உதட்டைப் பிரித்துத் தன் பல்லைப் பார்த்தாள். ஏதோ கடையில் விலைக்கு வைத்த பொருளைப் பார்ப்பதுபோல் இப்படியும் அப்படியும் சாய்ந்து பார்த்தாள்.

"இருபத்தாறு வருஷம், அண்ணி. ஒத்து வராதுன்னாங்களே, என் மூஞ்சியைப் பாத்துத்தான்னு நெனச்சேன். அதுக்கப்புறம் வந்தவங்களை எல்லாம் இதுக்காகத்தான் வேண்டாம்னேன். சிரிச்சா பொத்திக்கிட்டேன். ஒரு போட்டோல நிக்கல." கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "அந்தாளு போனதுகூடப் பெரிசில்ல. என் மூஞ்சியை எடுத்துட்டீங்களே."

காது கடையம்மா இதற்குத் தயாராக இல்லை. திட்டுவாள், அழுவாள், பெட்டியைக் கட்டுவாள் என்று எல்லாவற்றுக்கும் மனதுக்குள் பதில் வைத்திருந்தாள். தான் திருடினது எவ்வளவு என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"என்னை மன்னிச்சிடு பாப்பா."

"சாமி மன்னிச்சிட்டாரா?"

"மன்னிச்சிட்டாரு."

"அப்ப உங்களுக்கு அது போதும். கல்யாணத்துல நன்மை வாங்கலாம். வீடியோல நல்லா வரும்." எழுந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தாள்.

"பாப்பா, நில்லு. இருட்டுது. சேர்ந்து போவோம்."

திரும்பவில்லை.

"பாப்பா!"

தெருமுனை வரைக்கும் போனபிறகு நின்று, பெரிய சாமி மாதிரி காதோரம் கையை வைத்துக்கொண்டாள். "என்ன அண்ணி? எனக்குத்தான் காது மந்தமாச்சே!"

வீட்டை விட்டுப் போகவில்லை. போயிருந்தால்கூடத் தேவலை என்று காது கடையம்மாவுக்குத் தோன்றியது. பிள்ளையோடு பேசினாள், பால்காரரோடு வம்பளந்தாள், மாடி வீட்டில் குழந்தை அழுவது இவளுக்குத்தான் முதலில் கேட்டது. அண்ணி கூப்பிட்டால் மட்டும் கேட்காது. "பாப்பா, உப்பு எங்க இருக்கு?" பதில் இல்லை. "பாப்பா, போன் அடிக்குது." போனை எடுப்பாள், பேசுவாள், வைப்பாள். யார் பேசியது என்று இவள் கேட்டால், ஜன்னலைப் பார்ப்பாள். ஊரில் எத்தனையோ பேருக்குக் காதைத் திறந்துவிட்டவள் வீட்டில் ஒரு காதைத் திறக்க முடியாமல் திண்டாடினாள்.

"அத்தைக்கும் உனக்கும் என்னம்மா?" என்றான் மகன்.

"ஒண்ணுமில்ல. எனக்கு அபராதம்" என்றாள்.

கல்யாணத்தன்று காலையில் செருப்பில் காலை விட்டபோது, வழக்கம்போல் மேசைமேல் ஒரு டம்ளர் டீ ஆவி பறக்க இருந்தது.

"இன்னைக்கு வேண்டாம் பாப்பா."

பாப்பா தலையில் பூவைச் செருகிக்கொண்டு, கேட்காதவளாக முன்னால் படியிறங்கிப் போனாள். டீ அப்படியே இருந்து ஆடை படிந்தது.

பூசையில் முன்வரிசையில் நின்று நன்மை வாங்கினாள் காது கடையம்மா. நாக்கில் பட்டதும் அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. பின்னாலிருந்து பாட்டுக் கேட்டது. எல்லாக் குரலுக்கும் மேலே, சுருதி பிசகாமல், பாப்பாவின் குரல். இப்படிப் பாடுகிறவளையா காது மந்தம் என்று சொன்னோம், அதையும் நம்பினார்களே என்று நினைத்தாள்.

பூசை முடிந்ததும் கோயில் படிகளில் படம் பிடிக்க நிறுத்தினார்கள். மணமக்கள், பெண் வீட்டார், ஒரு ஓரமாகக் காது கடையம்மா. படம் பிடிக்கிறவர் ஒரு கண்ணை மூடிக் குனிந்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாப்பா வந்தாள். கேமராவை வாங்கிக்கொள்ளத்தான் வருகிறாள் என்று மகன் நினைத்தான். அவள் நேராகப் படியேறி, மகனுக்கும் மருமகளுக்கும் நடுவில் போய் நின்றாள். வாயைப் பொத்தவில்லை. பல் இரண்டும் வெயிலில் பளிச்சென்று இருந்தன.

"அம்மா, கொஞ்சம் ஓரமா வாங்க" என்றார் படம் பிடிக்கிறவர்.

பாப்பா அசையவில்லை.

"அம்மா! உங்களைத்தான்! மாப்பிள்ளை மறையறாரு!"

பாப்பா கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். படம் பிடிக்கிறவர் சலித்துப்போய், ஓரத்தில் நின்ற காது கடையம்மாவின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அந்தம்மாவுக்குக் காது கேட்காதா?"

அன்று அந்த அக்கா கேட்டது போலவே ஒரு கேள்வி. கூட்டம் மொத்தமும் அவள் வாயைப் பார்த்தது. ஒரு வார்த்தையில் சமாளித்துவிட்டுப் போய்விடலாம், யாரும் ஒன்றும் நினைக்கப்போவதில்லை.

"அவளுக்கா?" என்றாள் காது கடையம்மா. தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவளுக்கே தெரியாது. "அவளுக்கு எல்லாம் நல்லாக் கேட்கும். பிறந்ததுலேருந்து நல்லாக் கேட்கும். ஒரு குறையும் கிடையாது. அவ நடுவுலதான் நிப்பா, நீங்க அப்படியே எடுங்க."

படம் பிடிக்கிறவர் தோளைக் குலுக்கிவிட்டுக் குனிந்தார். பாப்பா சிரிப்பை மாற்றாமல், கழுத்தையும் திருப்பாமல், பக்கவாட்டில் வாயை மட்டும் அசைத்தாள்.

"அண்ணி, என்கிட்ட ஏதாவது சொன்னீங்களா?"